மென்பந்து (டெனிஸ் பந்து) துடுப்பாட்டப் பயிற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகன் தரம் 6இல் படிக்கிறான். வளர்ந்த பிறகும் உதவட்டும் என்று பெரியவர்களுக்கான துடுப்பையே வாங்கிக் கொடுத்தேன். பந்து துடுப்பின் நடுவில் படுவதே இல்லை. ஏன்? (தந்தை ஒருவர், உப்புவெளி)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். வகுப்பைக் குறிப்பிட்ட நீங்கள் உயரத்தைக் குறிப்பிடவில்லை. துடுப்பைத் தேர்ந்தெடுப்பதோ உயரத்தை வைத்துத்தான். ஏறக்குறைய நாலேமுக்கால் அடி உயரமுள்ள பிள்ளைக்கு 4ஆம் அல்லது 5ஆம் இலக்க அளவுத் துடுப்பே போதும். வலக்கை ஆட்டக்காரரானால் இடக்கையால் மட்டும் கைப்பிடியைப் பிடித்து, துடுப்பை முன்னால் நீட்டிப் பத்து விநாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அந்தத் துடுப்பு பாரம் கூடியது. பாரமான துடுப்பை, கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கும் கையால் இழுத்துத்தான் வீச முடியும் என்பதால், நேராக வரும் பந்தையும் பிள்ளை குறுக்கே லெக் திசைக்கே (வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம்) அடிக்கப் பழகிவிடுகிறான்.

வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி வேண்டும்? (நிலாவெளி)

இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம்.

எங்கள் கழகத்தில் 12, 13 வயதுச் சிறுவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஓவர் வீதம் துடுப்பாடக் கொடுக்கிறோம், மற்றவர்கள் களத்தடுப்பில் நிற்கிறார்கள். ஒரு வருடமாகியும் முன்னேற்றம் இல்லை. (கிண்ணியா)

இந்தக் கேள்வி எனக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து வந்துவிட்டது. திருகோணமலை மக்கெய்சர் மைதானத்திலும் கடற்கரையிலும் மாலைகளில் நான் காண்பதும் இதே காட்சிதான். ஒரு பிள்ளை துடுப்புடன் நிற்க, மற்றவர்கள் சங்கக்கடை வரிசையில் நிற்பதுபோல் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். கணக்கை நீங்களே பாருங்கள். ஓவருக்கு ஆறு பந்து, அதில் இரண்டு கைக்கெட்டாத தூரத்தில் போகும், ஒன்று தவறும். ஆக, மாலை முழுவதும் நின்ற பிள்ளையின் துடுப்பில் பட்டவை மூன்று பந்துகள். மூன்று பந்தால் யாருக்கு முன்னேற்றம் வரும்?

இருபது பேரையும் ஐவர் ஐவராக நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றுங்கள். முதலாம் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு வெட்டிய பிளாஸ்டிக் குழாயின் மேல் பந்தை வைத்து, முன்காலை எடுத்துவைத்துச் சுவரை நோக்கி அடிக்க வேண்டும். இரண்டாம் இடத்தில், பக்கவாட்டில் முழந்தாளிட்டிருக்கும் ஒருவர் பந்தைக் கைவிட, அது ஒருமுறை எழும்பியதும் அடிக்க வேண்டும். மூன்றாம் இடத்தில், பத்துப் பன்னிரண்டு மீற்றரிலிருந்து ஒரே இடத்தில் குத்தி எழும்படி எறியப்படும் பந்துகள். நான்காவதில் மட்டும் முழு ஆடுதளம், உண்மையான பந்துவீச்சு, இருவர் இணைந்து ஓட்டம் எடுத்தல். இப்படி நடத்தினால் ஒரு மாலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுபது எண்பது பந்துகளை அடிப்பான். இதற்கு வேண்டியது இரண்டு டசின் டெனிஸ் பந்துகள்தான். ஒரு சுற்றுப்போட்டிக்கு நீங்கள் அச்சிடும் சீருடைச் செலவில் ஒரு பகுதிகூட ஆகாது.

அண்ணன்மார் முழுவேகத்தில் ஓடி வந்து சிறுவர்களுக்குப் பந்து வீசுவதையும் நிறுத்துங்கள். அங்கே நடப்பது அண்ணனின் பந்துவீச்சுப் பயிற்சியே தவிர, தம்பியின் துடுப்பாட்டப் பயிற்சி அல்ல. பந்து வந்துகொண்டிருக்கும்போது நாலாபுறமிருந்தும் அறிவுரை கத்துவதும் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம், அதுவும் பந்து போன பிறகு. முக்கியமாக, துடுப்பு சுழலும் இடத்திலிருந்து மூன்று மீற்றருக்குள் யாரும் நிற்கக் கூடாது. நான்கு இடங்களில் துடுப்புகள் சுழலும்போது இதை மறந்தால் பல் உடையும்.

என் மகள் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். (ஆசிரியை, சாம்பல்தீவு)

ஆறேழு மீற்றரிலிருந்து கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமல் மெதுவாக எறியுங்கள். முதல் வாரம் அவள் அடிக்கவே வேண்டாம், பந்தைக் கையால் பிடித்தால் போதும். அடுத்ததாக ஒரு பந்தில் சிவப்புப் புள்ளியும் இன்னொன்றில் நீலப் புள்ளியும் இட்டு, வரும் பந்தின் நிறத்தைச் சொல்லச் செய்யுங்கள். நிறத்தைத் தேடும் கண் மூடிக்கொள்ளாது. மற்றப் பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மென்பந்தில் நன்றாக ஆடுபவர் கடினப்பந்துக்கு மாறலாமா? (மூதூர்)

யார் மாறுவது, எத்தனை வயது, எத்தனை காலம் ஆடியவர் என்று ஒன்றும் எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகச் சொல்கிறேன், மாறலாம். டெனிஸ் பந்தின் எடை 60 கிராமுக்குள் அடங்கும், கடினப்பந்தோ 160 கிராம் அளவு. 13 வயதுக்குட்பட்டோருக்கு 140 கிராமை ஒட்டிய பந்து உண்டு, அதிலிருந்து தொடங்குவதே முறை. டெனிஸ் பந்து துள்ளி உயர எழும்புவதால் நம் பிள்ளைகள் பின்காலில் நின்று குறுக்கே அடித்துப் பழகியிருக்கிறார்கள். கடினப்பந்தில் அதே அடி விக்கெட்டைப் பறிக்கும். ஆகவே முதல் ஒரு மாதம் முன்கால் தடுப்பாட்டம் மட்டும். தலைக்கவசம், காற்காப்பு, கையுறை இல்லாமல் ஒரு பந்துகூட வேண்டாம்.

கடற்கரை மணலில் பயிற்சி செய்யலாமா?

அலை வந்து போன ஈர மணலில் செய்யலாம், உலர்ந்த மணலில் பந்து எழும்பாது. நனைந்த பந்து பாரமாகி வழுக்கும் என்பதால் எறிபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இங்கேயும் துடுப்பு சுழலும் இடத்திலிருந்து மூன்று மீற்றருக்குள் யாரும் நிற்கக் கூடாது. கடற்கரையில் போவோர் வருவோர் அதிகம்.

மகன் எல்லாப் பந்தையும் ஆறு ஓட்டத்துக்கே அடிக்கப் பார்க்கிறான். (தாய், தம்பலகாமம்)

அடிக்கட்டும். ஆனால் பத்துப் பந்தில் எத்தனை பிடியாகின்றன என்பதை அவனையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்திலும் மாரியிலும் பயிற்சியை நிறுத்துவதா? (ஓர்ஸ்ஹில்)

நிறுத்த வேண்டாம். கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் நான்கரைக்கு முன் பிள்ளைகளை மைதானத்தில் இறக்காதீர்கள். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள், கேட்ட பிறகு கொடுப்பது தாமதம். நவம்பர், டிசம்பர் மழையில் பாடசாலை மண்டபம் கிடைத்தால், கிண்ணியா வாசகருக்குச் சொன்ன முதல் இரண்டு இடங்களின் பயிற்சிகளையும் உள்ளேயே நடத்தலாம். ஜன்னல் கண்ணாடி இல்லாத பக்கமாக அடிக்க வையுங்கள்.