பிரதமர் பட்டியலில் ஒரு காலி இடம்

அன்புள்ள ஐயா,

நான் ராணிப்பேட்டையில் இருந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். சென்ற மாதம் வேலூர் முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதியைப் பார்த்தேன். அவருக்குப் பிறகு இலங்கையை யார் யார் ஆண்டார்கள் என்று ஆர்வம் வந்து, டி.எஸ். சேனநாயக்க முதல் ஹரிணி அமரசூரிய வரை பிரதமர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு சந்தேகம். ரணில் விக்கிரமசிங்க ஆறு முறை பிரதமராகப் பதவியேற்றிருக்கிறார். அவரை ஒருவராக எண்ணுவதா, ஆறாக எண்ணுவதா? நம் குல்சாரிலால் நந்தாவையும் சிலர் பட்டியலில் சேர்க்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். அயல்நாட்டுப் பிரதமர்கள் உனக்கு எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வேலூரில் கோட்டையும் ஆஸ்பத்திரியும் வெயிலும் தவிர எழுத என்ன இருக்கிறது என்பவர்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

க., ராணிப்பேட்டை

அன்புள்ள தம்பி,

நந்தாவைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். இரண்டு தடவையும் 13 நாட்கள் பொறுப்பில் இருந்துவிட்டு ஓசையில்லாமல் இறங்கிய மனிதர். அவரை வைத்து நாம் வழக்காட வேண்டாம். நண்பர்களின் கேலிக்கு என்னிடம் மருந்து இல்லை. வெயிலைப் பற்றி எழுதித் தரும்படி சித்திரை தவறாமல் யாராவது கேட்டுவிடுகிறார்கள், அதுவும் போதும். ஆனால் யாரும் சொல்லாமலேயே நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறீர்களே, அதற்காக உங்கள் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். அதே கையால் தலையில் ஒரு குட்டும் வைக்க வேண்டும்.

சமாதியில் தொடங்கியவர் ஒரே தாவாக சேனநாயக்கவிடம் போய் நின்றுவிட்டீர்கள். ராஜா பிடிபட்டது 1815-ல். சேனநாயக்க பிரதமரானது 1947-ல். நடுவில் 132 ஆண்டுகளை என்ன செய்தீர்கள்? கவர்னர்கள் ஆண்டார்கள். 1931-ல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது, வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது, டி.பி. ஜயதிலக்க அவை முன்னவராக இருந்தார். 1942-ல் அவருடைய இடத்துக்கு வந்தவர்தான் சேனநாயக்க. பிரதமர் என்ற பதவி உண்டாவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய அந்த வேலையைத்தான் அவர் பார்த்துவந்தார்.

பட்டியலின் பின்பாதியில் இதைவிடப் பெரிய ஓட்டை. 1978 பிப்ரவரி 4 அன்று ஜே.ஆர். ஜயவர்தன பிரதமர் பதவியை விட்டு, நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி ஆனார். அரசின் தலைமை அவரோடு போய்விட்டது. அதற்கு முன் பிரதமராக இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் ஒரே வேலையைப் பார்த்தவர்கள் அல்லர். சிறிமாவோ பண்டாரநாயக்க 1960-ல் உலகின் முதல் பெண் பிரதமர். அன்று நாட்டை ஆண்டவர் அவர். 1994-ல் மூன்றாம் முறை அதே பதவிக்கு வந்தபோது ஜனாதிபதி அவருடைய மகள் சந்திரிகா. அம்மா மகளுக்குக் கீழே. உங்கள் நோட்டில் இந்த இரண்டு சிறிமாவோவும் ஒரே மையில் எழுதப்பட்டிருப்பார்கள். ரணில் ஆறு முறை ஏறியதும் 1978-க்குப் பிந்திய நாற்காலியில்தான். அதிலும் 2018 அக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன அவரை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தபோது, ஏழு வாரம் நாட்டில் இரண்டு பேர் தங்களைப் பிரதமர் என்று சொல்லிக்கொண்டார்கள். இதற்கு எந்த எண் போடுவீர்கள்?

எண்ணை விடுங்கள். உங்கள் கடிதம் வந்த நேரத்தில் வேறொரு காரியமாக மேல்மொணவூர் பக்கம் போய்விட்டு வந்து, இதே பெயர்களைத்தான் மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் வந்து வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினாரே, அதே இடம். நீங்கள் பார்த்த முத்து மண்டபம் பாலாற்றங்கரையில். இதுவும் வேலூரை ஒட்டித்தான். ஒன்றைப் பார்த்தவர் இன்னொன்றைப் பார்க்காமல் திரும்பியது எனக்கு வருத்தம்.

ஆண்ட காலத்தைக் கொண்டு பிரதமரை அளக்கிற வழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார், அந்தத் தாள் யாரை எங்கே கொண்டுபோய் விட்டது என்றுதான் பார்க்கிறேன். 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னர் பிரவுன்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் கையெழுத்திட்ட தாள் அது. ராஜாவை நீக்கியதோடு நிற்கவில்லை, அவருடைய உறவினர்களும் கண்டி மண்ணில் இருக்கக்கூடாது என்றது. காரணம், அவர்கள் 'மலபார்' இனத்தார், அதாவது தென்னிந்தியாவிலிருந்து போன நாயக்கர்கள். ராஜா குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டைக்கு வந்தார். கோட்டையில் கண்டி மஹால் என்கிறோமே, அந்தப் பெயர் அவரால் வந்தது. 1832-ல் இங்கேயே இறந்தார்.

அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்களில் ரத்வத்தை என்ற பிரதானியும் ஒருவர். சிறிமாவோ பிறந்தது அந்த ரத்வத்தைக் குடும்பத்தில். முன்னோர் செய்ததற்குப் பேத்தியைக் குற்றவாளியாக்குகிற ஆள் நான் இல்லை. ஆனால் 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியோடு அவர் போட்ட கையெழுத்தைப் பார்க்கும்போது அந்தப் பழைய தாள் நினைவுக்கு வராமல் இல்லை.

அந்தக் கதை 1948-ல் சேனநாயக்க கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தொடங்குகிறது. சுதந்திரம் வந்த அதே ஆண்டில், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அதற்குப் பின் பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சேனநாயக்க 1952-ல் கொழும்பு காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். மகன் டட்லி வந்தார். ஒரு படி அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானதும் 1953 ஹர்த்தாலில் நாடே நின்றுபோக, பதவியை விட்டார். கொத்தலாவல வந்தார். பண்டாரநாயக்க வந்து சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்து, 1959-ல் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார். தகநாயக்க வந்து போனார். இத்தனை பேர் மாறியும் 1948-ஆம் ஆண்டுத் தாள் மட்டும் மாறவில்லை. ஒருவர் மேசையிலிருந்து இன்னொருவர் மேசைக்கு அப்படியே நகர்ந்தது.

கடைசியில் டெல்லியில் பாகம் பிரித்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். குடும்பங்கள் விண்ணப்பம் போட்டது உண்மைதான். ஆனால் பங்கைப் பிரித்து முடித்த பிறகுதான் படிவத்தை நீட்டினார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார். சிலோன்காரம்மா என்போம். நுவரெலியா பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கியவர். தாத்தாவுக்கு வட ஆற்காடு என்று கேள்விப்பட்டிருந்ததால் இங்கே வந்துவிட்டார். வந்த இடத்தில் அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோரையும் போல மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றக் கற்றுக்கொண்டார். ஈரத்துணியில் சுற்றிய இலையை எடுத்து, தகரத் தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்குவார். பேச்சு மட்டும் தோட்டத்திலேயே இருக்கும்.

ஒரு நாள் மனு எழுத என்னைக் கூப்பிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து, இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்குத் தந்த குடும்ப அட்டையை எடுத்துத் தந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன். சிறிமாம்மா கையெழுத்து எங்கே, சாஸ்திரி ஐயா கையெழுத்து எங்கே என்று கேட்டார். இதில் அதிகாரியின் கையெழுத்துத்தான் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. அந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டதால்தான் எங்களை அனுப்பினார்கள், இல்லாமல் எப்படி இருக்கும், நன்றாகப் பார் என்று திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். கடைசியில் எனக்கு ஆங்கிலம் போதாது என்று முடிவு செய்து, அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பின்னாளில் நான் படித்த எந்தப் பாடமும் அவர் அளவுக்கு விஷயத்தின் மூக்கைப் பிடித்துப் பேசியதில்லை.

உங்கள் ரணிலுக்கு வருகிறேன். அவர் ஆறு முறை பதவியேற்றதில் எனக்கு அக்கறை இரண்டாவது முறையில்தான், 2001-லிருந்து 2004 வரை. எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2003-ல் நிறைவேற்றியது. 1948-ஆம் ஆண்டுத் தாள் செல்லாமல் போக 55 ஆண்டுகள் ஆயின. அதுவும் இலங்கையிலேயே நிரந்தரமாக இருந்துவிட்டவர்களுக்கு. 1983-க்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவர்களில் மலையகத்தாரும் உண்டு. நம் பக்கத்தில் 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை.

ஆகவே நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் கையெழுத்திட்ட தாள், அதனால் இடம் பெயர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பல பெயர்களுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும், இருக்கட்டும். அது முடிந்ததும் இந்தியப் பிரதமர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். சாஸ்திரி என்றால் தாஷ்கண்ட் என்பதோடு உங்கள் பொது அறிவு வழிகாட்டிகள் நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பக்கத்தில் 5,25,000 என்று எழுத வேண்டிய அளவுக்கு இடம் விட்டுத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.