உமரி மண்டினால் மண் தேறிவிட்டதா?

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் கொல்லையை ஒட்டிய பொட்டலில் முன்பு படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பார்கள், பழைய பேட்டரியும் உடைப்பார்கள். இப்போது அங்கே உமரி மண்டிக் கிடக்கிறது. மண் தேறிவிட்டதா? கீரை பறிக்கலாமா, ஆடு விடலாமா?"

இரண்டும் வேண்டாம்.

உப்பு நிலத்தில் வளரும் கீரைச்செடியான உமரி செழிப்பது மண்ணுக்கான நற்சான்று அல்ல. உறிஞ்சிய உப்பை அது இலைச் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழில் அடைத்துவிடும், வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றுவது போல. சில பெயின்டிலும் சில பேட்டரியிலும் இருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்கும் ஏறக்குறைய இதே வழிதான்: பைட்டோகெலாட்டின் என்ற கந்தகம் கலந்த சிறு புரதங்கள் அதைப் பிடித்துக் கட்ட, மூட்டை நுண்குமிழுக்குப் போகிறது. செடிக்குச் சேதமில்லை, தின்பவருக்குத்தான் சேதம். உப்பு மண்ணில் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை எளிதாக நகரவும் விடுகிறது. கீரையைக் கழுவினால் மேல் தூசு போகும், உள்ளே அடைத்தது போகாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் கீரைக்கான காட்மிய வரம்பே கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான்.

ஈயம் வேறு மாதிரி. பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். அங்கே பயம் தூசுதான். குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.

செடியே மண்ணைச் சுத்தம் செய்துவிடாதா என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். ஒரு சென்ட் நிலத்தில் 20 செ.மீ. ஆழத்துக்கு சுமார் 11 டன் மண். கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் என்று வைத்தால் மொத்தம் ஐந்தரைக் கிலோ. ஆண்டுக்கு 40 கிலோ காய்ந்த உமரி, கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் எடுத்தால் 2 கிராம்தான் வெளியேறும்! நியூ கலிடோனியாவில் நிக்கல் ஏறிப் பால் நீலப்பச்சையாகச் சுரக்கும் மரம் உண்டு. அது வேறு சாதி, உமரியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

அந்த இடத்துச் சீமைக்கருவேலையும் கரிமூட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். ஈயமும் காட்மியமும் கொஞ்சம் புகையோடு போகும், மீதி சாம்பலில் நிற்கும். வெட்டியதை எருக்குழியிலும் போட வேண்டாம்.

அப்புறம் பரிசோதனை. மண்வள அட்டையில் துத்தநாகமும் தாமிரமும் வரும், ஈயமும் காட்மியமும் வராது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மேல் 15 செ.மீ. மண்ணைப் பல இடங்களில் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய தட்டில் அள்ளாமல் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்தால் நல்லது.