அறிகுறி இல்லாமல் தமனிப் படிவு

கேள்வி: எனக்கு வயது 48. ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு 128 மி.கி. என்று வந்தது. கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்ததில் சிறிய கொழுப்புப் படிவு இருப்பதாகச் சொல்கிறார்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எதுவும் இல்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். ரத்தப் பரிசோதனை இன்று ரத்தத்தில் ஓடும் கொழுப்பைக் காட்டுகிறது. ஸ்கேனோ, பல ஆண்டுகளாகத் தமனிச் சுவரில் தங்கிப்போனதைக் காட்டுகிறது. திரையில் இரு இணைகோடுகளாகத் தெரியும் சுவரின் உட்பகுதி ஓரிடத்தில் மட்டும் 1.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்துப் புடைத்திருந்தால் அதைப் படிவு என்கிறோம். சுவரின் பொதுவான தடிமனை அளப்பது வேறு. அளப்பவரைப் பொறுத்து அது மாறுவதால், 2013ஆம் ஆண்டின் அமெரிக்க இதயநல வழிகாட்டுதல் அதை வழக்கமான பரிசோதனையாகப் பரிந்துரைக்கவில்லை. படிவு அப்படியல்ல, அது நோய் தொடங்கிவிட்டதற்கான நேரடிச் சான்று. குழாய் பாதிக்கு மேல் அடைபடும்வரை ரத்த ஓட்டம் பெரிதாகக் குறையாது என்பதால்தான் உங்களுக்கு அறிகுறி ஏதும் இல்லை.

ஆகவே 128 என்பதை ‘சற்றுக் கூடுதல்’ என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான ஆய்வகங்களில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படாமல் கணக்கிடப்படுகிறது. ரத்தத்தில் உள்ள மற்றொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 400 மி.கி.யைத் தாண்டினால், அந்தக் கணக்குக்கான வழக்கமான சூத்திரம் பொருந்தாது. எல்டிஎல்லைப் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன் (ஏ) அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது பெரும்பாலும் பரம்பரையால் அமைவது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை குறித்து உங்கள் மருத்துவர் முடிவெடுப்பார்.