புரோத்தன் எண்ணிக்கையும் மூலகத்தின் அடையாளமும்: கேள்வி பதில்

கொழும்பு வாசகர்களின் கேள்விகளுக்கு இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

மாணவி, வெள்ளவத்தை: ஐயா, அணுவில் இலத்திரனும் நியூத்திரனும் இருக்க, மூலகத்தைப் புரோத்தன் மட்டும் தீர்மானிப்பது ஏன்?

உப்புக் கரைசலில் சோடியம் ஓர் இலத்திரனை இழந்து அயனாக இருக்கிறது. ஆயினும் அது சோடியமே, ஏனெனில் அதன் கருவிலுள்ள 11 புரோத்தன்களை எந்த இரசாயனத் தாக்கமும் தொடுவதில்லை. நடுநிலை அணுவில் எத்தனை இலத்திரன்கள் இருக்கும், அவை எவ்வாறு அடுக்கப்படும் என்பதைக் கருவிலுள்ள புரோத்தன்களின் நேரேற்றமே நிர்ணயிக்கிறது. நியூத்திரனுக்கு ஏற்றமில்லை.

வாசகர், கொட்டாஞ்சேனை: திணிவை அளந்து மூலகத்தை அறிய முடியாதா?

முடியாது. அதற்கான சான்றுகளில் ஒன்று நம் நாட்டு மண்ணிலிருந்தே கிடைத்தது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். சமதானி (ஒரே மூலகத்தின் வேறுபட்ட திணிவுடைய அணுக்கள்) என்ற பெயரை 1913 இல் முன்வைத்த பிரெடரிக் சொடி, அடுத்துவந்த ஆண்டுகளில், இலங்கையில் கிடைத்த தோரைற்று என்னும் கனியத்திலிருந்து பிரித்த ஈயத்தை ஆராய்ந்தபோது, அது சாதாரண ஈயத்தைவிட (சார் அணுத்திணிவு 207.2) கனமானதாக இருக்கக் கண்டார். கனியத்திலிருந்த தோரியம் படிப்படியாகச் சிதைந்து ஈயம்-208 ஆகியிருந்ததே காரணம் (208 என்பது அதன் திணிவெண், அதாவது புரோத்தன், நியூத்திரன்களின் மொத்த எண்ணிக்கை). இரண்டிலும் புரோத்தன்கள் 82. ஆகவே இரண்டும் ஈயமே. மறுபுறம், ஆகன்-40, பொற்றாசியம்-40, கல்சியம்-40 ஆகியவற்றின் திணிவெண் ஒன்றாயினும், புரோத்தன்கள் முறையே 18, 19, 20 என்பதால் அவை மூன்று வேறு மூலகங்கள்.

நகைத் தொழிலாளி, செட்டியார் தெரு: உரைகல்லில் உரைக்காமல், நகையைப் பெட்டி போன்ற கருவிக்குள் வைத்தே அதில் பவுண் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று காட்டுகிறார்களே, எப்படி?

கருவி செலுத்தும் எக்ஸ்-கதிர், அணுவின் உள் ஓட்டிலிருந்து (கருவுக்கு அண்மையான இலத்திரன் படையிலிருந்து) ஓர் இலத்திரனை வெளியேற்றுகிறது. அவ்விடத்தை வெளி ஓட்டு இலத்திரன் நிரப்பும்போது, அந்த மூலகத்துக்கே உரிய சக்தியுடன் வேறோர் எக்ஸ்-கதிர் வெளிவரும். இக்கதிரின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணுவெண்ணோடு (புரோத்தன் எண்ணிக்கையோடு) சீராக உயர்வதை 1913 இல் மான்செஸ்டரில் ஹென்றி மோஸ்லி கண்டறிந்தார். 1915 இல், 27 வயதில், கலிப்பொலிப் போர்முனையில் அவர் மாண்டது அறிவியலுக்குப் பேரிழப்பு. செம்பு 29, வெள்ளி 47, பொன் 79 என்று கருவி பிரித்தறிவது அவர் கண்ட அந்த ஒழுங்கினால்தான். ஆனால் அது மேற்பரப்பின் மெல்லிய படையை மட்டுமே வாசிக்கும். தடித்த முலாம் பூசிய நகையில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

அவரே: புரோத்தனை நீக்கினால் வேறு உலோகம் பொன்னாகுமா?

ஆகும். 1980 இல் இரசாயனவியலாளர் கிளென் சீபோர்க்கின் குழுவினர் கலிபோர்னியாவில், 83 புரோத்தன்களைக் கொண்ட பிஸ்மத்துக் கருக்களிலிருந்து நான்கைப் பெயர்த்துப் பொன் அணுக்களைப் பெற்றனர். ஆனால் தராசில் நிறுக்கக்கூடிய அளவுக்கு அவை கிடைக்கவில்லை.