சுருதி சேரும் நேரம்: வாசகர் கேள்வி – பதில்

மேடைக்காக அல்லாமல் ஆசைக்காகப் பாடுவோரும் வாசிப்போரும் தம் ஐயங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நானும் கச்சேரி செய்பவன் அல்லன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டில் வயலின் வாசித்து வருபவன். அந்தப் பழக்கத்திலிருந்தே விடை சொல்கிறேன்.

எனக்கு 54 வயது. சிறுமியாக இருந்தபோது பாட்டு கற்க வீட்டில் விடவில்லை. மகளுக்குத் திருமணம் முடிந்த பிறகு ஓர் ஆசிரியையிடம் ஆறு மாதமாகக் கற்று வருகிறேன். சிறு பிள்ளைகளோடு சேர்ந்து பாடும்போது மேல் ஸ்தாயி எனக்கு எட்டுவதில்லை. "இந்த வயதில் பாடி எந்த மேடையில் ஏறப்போகிறாய்?" என்று என் நாத்தனார் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, பாலக்கோடு

அம்மா, அந்தக் கேள்விக்கான பதில் நம் ஊர் மண்ணிலேயே இருக்கிறது. தருமபுரி அன்று தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் பாடிய பாடல்களுள் ஒன்று புறநானூற்றில் 92ஆவதாக உள்ளது. குழந்தையின் மழலை யாழோடு ஒத்துப் போவதில்லை, காலத்தோடும் பொருந்துவதில்லை, அதன் பொருளும் விளங்குவதில்லை. ஆயினும் அதைக் கேட்கும் தந்தைக்கு அருள் சுரக்கிறது. என் வாய்ச்சொல்லும் உன் முன்னால் அத்தகையதே என்கிறார் ஔவையார். சுருதி, தாளம், சாகித்தியம் என்று நாம் இன்று பிரித்துச் சொல்லும் மூன்றையும் அந்த வரிகளில் நான் காண்கிறேன். மூன்றும் தவறிய ஒரு குரலுக்கும் கேட்பவர் நெஞ்சில் இடம் உண்டு என்பதைத் தமிழின் மாபெரும் புலவர் ஒருவர், தம் பாட்டையே அந்த மழலைக்கு ஒப்பாக வைத்துச் சொல்லியிருக்கும்போது, பாடுவதற்கு மேடை வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் இதையே சாக்காகக் கொண்டு, எப்படி வேண்டுமானாலும் பாடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசைக்குப் பாடுபவருக்குத்தான் சுருதி மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம். மேடைப் பாடகருக்குக் கைதட்டல் உண்டு, சன்மானம் உண்டு, பெயர் உண்டு. நமக்குக் கிடைக்கும் ஊதியம் சுருதி சேரும் அந்த ஒரு நொடி மட்டுமே. அதையும் விட்டுவிட்டால் நாம் எதற்காகப் பாடுகிறோம்?

அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். தம்புராவின் நான்கு தந்திகளில் முதல் தந்தியைப் பஞ்சமத்திலும் (ப), நடுவில் உள்ள இரண்டையும் சட்ஜத்திலும் (ச), கடைசித் தந்தியை மந்தர சட்ஜத்திலும் (கீழ் ஸ்தாயி ச) கூட்டுவார்கள். சட்ஜம் விநாடிக்கு 200 முறை அதிர்ந்தால், அதற்கு இசைந்த பஞ்சமம் 300 முறை அதிரும். உங்கள் சட்ஜம் தம்புராவின் சட்ஜத்திலிருந்து விநாடிக்கு இரண்டு அதிர்வு மட்டும் விலகியிருந்தால், ஒலி விநாடிக்கு இரண்டு முறை பெருகிச் சிறுப்பது காதில் விழும். கண்ணை மூடிக்கொண்டு குரலைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். அந்த அலைவு தளரும், இன்னும் தளரும், பிறகு அடங்கிவிடும். அப்போது உங்கள் குரல் எது, தம்புராவின் ஒலி எது என்று உங்களுக்கே பிரித்தறிய முடியாமல் போகும். முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்குப் போய் வருகிறேன். ஒரு நாளும் அது எனக்குப் பழையதாகத் தோன்றியதில்லை. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியிலும் கைப்பேசிச் செயலியிலும்கூட இதைப் பழகலாம்.

மேல் ஸ்தாயி எட்டாததற்கு வயதைப் பழிக்காதீர்கள்; கட்டையை, அதாவது சட்ஜத்தை எந்த உயரத்தில் வைக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். சிறுமியர் கூடிப் பாடும் வகுப்பில் பெரும்பாலும் 5 அல்லது 5½ கட்டை வைப்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் சற்றுத் தாழ்வது இயற்கை. 4½, 4 என்று இறங்கிப் பாருங்கள். தேவையானால் 3 கட்டைக்கும் வரலாம், அதில் ஒரு குறைவும் இல்லை. கீழே மந்தர பஞ்சமமும் மேலே தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) காந்தாரமும் (க) கழுத்து நரம்பு புடைக்காமல் எட்டுகிற கட்டையே உங்கள் கட்டை. வகுப்பு முடிந்த பிறகு பத்து நிமிடம் தனியாக அமர்ந்து இதைக் கண்டுபிடித்துத் தரும்படி ஆசிரியையிடம் கேளுங்கள்.

நாத்தனாருக்குச் சொல்லால் பதில் வேண்டாம். ஒரு மாலை அவரை அருகில் அமர்த்தி, அவர் தம் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டைப் பாடச் சொல்லுங்கள். அவர் எடுத்த குரலுக்கு ஏற்றபடி நீங்கள் சுருதியை வைத்து உடன் பாடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் கணவர் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மிருதங்கம் பழக முடிகிறது. மேல்வீட்டில் உள்ளவர்கள் வருத்தப்படுகிறார்கள்.
– வாசகி, ஓசூர்

அவர்கள் வருத்தம் நியாயமானது. மிருதங்கத்தில் பாதிப் பாடம் வாயில்தான் இருக்கிறது. "த தி தொம் நம்" தொடங்கிக் கோர்வை வரை எல்லாவற்றையும் முதலில் சொல்லிப் பழகுவதே முறை. வார நாள்களில் சொற்கட்டுகளைத் தாளம் போட்டு மெல்லிய குரலில் மூன்று காலங்களிலும் (மூன்று வேகங்களிலும்) சொல்லட்டும். விரல் பழக வேண்டுமானால், தொப்பியில் (இடப் பக்கத்தில்) ரவை வைக்காமல், வலந்தலையின் (வலப் பக்கத்தின்) மேல் துணியைப் போட்டு வாசிக்கலாம். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் முழு ஒலியோடு வாசிக்கப்போவதை மேல்வீட்டாரிடம் நேரில் சென்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் வகுப்பில் பேசிவிட்டு மாலையில் திருப்புகழ் பாட உட்கார்ந்தால் தொண்டை கட்டிக்கொள்கிறது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்துவிட்டேன்.
– வாசகி, அரூர்

நாம் விழுங்குவது உணவுக் குழாயில் இறங்குகிறது. குரல் நாண்களோ மூச்சுக் குழாயின் வாயிலில் இருக்கின்றன. எனவே கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம் தருமே தவிர, குரல் நாண்களை நேரே தொடுவதில்லை. நீராவி பிடித்தால் அது அங்கே போய்ச் சேரும். வகுப்பில் தண்ணீர்ப் பாட்டிலை மேசையிலேயே வைத்து, பாடவேளைக்கு ஒரு முறையாவது இரண்டு வாய் குடியுங்கள். அடிக்கடி செருமாதீர்கள். குரல் கட்டிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசுவதும் நாண்களுக்கு ஓய்வாகாது. பாடுவதை மாலையிலிருந்து விடியற்காலைக்கு மாற்றி, பள்ளிக்குக் கிளம்புமுன் இருபது நிமிடம் பாடிப் பாருங்கள். குரல் எழாத நாளில், ஒவ்வொரு திருப்புகழுக்கும் தலைப்பில் தரப்பட்டிருக்கும் சந்தக் குழிப்பை, அதாவது பாட்டின் தாள நடையைக் காட்டும் "தனதன" வாய்பாட்டைக் கையால் மட்டும் தட்டிப் பழகலாம். தாளம் கைக்குள் வந்துவிட்டால் பாடும்போது குரலுக்குப் பாதி வேலை குறையும். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், தயங்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நண்பர்கள் நால்வர் ஞாயிறுதோறும் கூடி, கரோக்கி இசையை ஓடவிட்டுப் பழைய திரைப்பாடல்களைப் பாடுகிறோம். வாரம் முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே காத்திருக்கிறோம். எங்களில் ஒருவருக்குச் சுருதி நிற்பதில்லை. அவர்தான் எல்லாரையும் விட ஆர்வத்தோடு பாடுபவர். மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

சொல்வதற்கு முன்னால், தவறு அவரிடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கரோக்கி இசை அந்தப் பாடலை முதலில் பாடியவரின் கட்டையில் இருக்கிறது. திரையிசையின் பெரும் பாடகர்களுக்கு எளிதாக எட்டிய உச்சத்தை நாம் அடித்தொண்டையிலிருந்து இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறோம். பாதி வழியில் குரல் சரிந்துவிடுகிறது. கேட்பவர்கள் அதைச் சுருதி ஞானம் இல்லாமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான கரோக்கிச் செயலிகளில் கட்டையை ஏற்றவும் இறக்கவும் வசதி உண்டு. அவருடைய பாடலை மட்டும் ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது, ஒலிபெருக்கியின் சத்தம். பின்னணி இசை முழங்கும்போது பாடுபவருக்குத் தம் குரல் தம் காதில் விழுவதில்லை. கேட்க முடியாத குரலை எவரும் திருத்திக்கொள்ள முடியாது. இசையைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு கையைக் காதோரம் குவித்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள். கூத்துக் கலைஞர்கள் காதில் கைவைத்துப் பாடுவதை நம் ஊர்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இவற்றுக்குப் பிறகும் குறை இருந்தால், அவரை மட்டும் சுட்டாதீர்கள். கூடியதும் முதல் பத்து நிமிடம், கரோக்கி இல்லாமல் சுருதியை மட்டும் ஒலிக்கவிட்டு, நால்வரும் சேர்ந்து சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீட்டிப் பாடுங்கள். பிறகு நால்வர் பாட்டையும் கைப்பேசியில் பதிவு செய்து ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். நான் என் வயலினை முதன்முதலாகப் பதிவில் கேட்டபோது இரண்டு நாள் அதைத் தொட மனம் வரவில்லை. மூன்றாம் நாள் எடுத்தபோது எந்த விரல் எங்கே தவறுகிறது என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. உங்கள் நண்பருக்கும் அவருடைய காதே சொல்லட்டும். ஆர்வம் உள்ளவர் தாமே திருத்திக்கொள்வார்.

மளிகைக் கடை நடத்துகிறேன். தெருக்கூத்துக் குழுவில் வாசித்த என் தாத்தாவின் ஆர்மோனியப் பெட்டி பரணில் கிடந்தது. சில கட்டைகள் ஒலிக்கவில்லை. ஒரு கட்டை அழுத்தாமலே ஒலிக்கிறது. கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் ஆர்மோனியம் நம் இசைக்கு ஏற்றதல்ல என்று ஒரு பாட்டு வாத்தியார் சொல்லிவிட்டார்.
– வாசகர், பென்னாகரம்

அந்த வாத்தியார் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஓர் ஒலிதான். இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்லவோ ஒரு சுரத்தை அசைக்கவோ இடமில்லை. அதனால் கமகம் வாராது. இந்தக் காரணத்தைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது. ஆனால் வானொலி விலக்கி வைத்திருந்த அந்த முப்பது ஆண்டுகளிலும் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் கூத்துக் களத்திலும் பெட்டி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. விடிய விடிய உரத்த குரலில் பாடும் கூத்துக்காரருக்கு, மிருதங்கத்துக்கும் முகவீணை என்னும் ஊதுகருவிக்கும் நடுவே சுருதியை விடாமல் தாங்கிப் பிடித்தது அதுவே. உங்கள் தாத்தா செய்த வேலை சிறியதன்று.

முதலில் பெட்டியைச் செப்பனிட வேண்டும். உள்ளே ஒவ்வொரு சுரத்துக்கும் பித்தளை நாக்கு ஒன்று இருக்கிறது. காற்று பட்டு அது அதிர்வதால் ஒலி எழுகிறது. தூசி அடைத்தால் நாக்கு அசையாது, ஒலியும் வராது. அழுத்தாமலே ஒலிக்கும் கட்டைக்குக் கீழே மூடி சரியாகப் படியவில்லை என்று பொருள். எக்காரணத்துக்காகவும் எண்ணெய் விடாதீர்கள். நாக்கை நீங்களே சுரண்டவும் வேண்டாம். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். கைதேர்ந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. துருத்தியில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்றும் ஆர்மோனியம் பழுது பார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கற்கும்போது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் சுரப் பயிற்சிதான் முறையான தொடக்கம். அதை விட வேண்டாம். ஆனால் முதல் வாரத்திலேயே மனம் நிறைய ஒன்றை வாசிக்க விரும்பினால் மோகன ராகத்தை எடுங்கள். 4½ கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், மோகனத்தின் ஐந்து சுரங்களும் கறுப்புக் கட்டைகளிலேயே விழும். ஒரு வெள்ளைக் கட்டையைக்கூடத் தொட வேண்டியதில்லை. கடை அடைத்த பிறகு பத்து நிமிடம், ஒரு கையால் துருத்தியை அசைத்துக்கொண்டு மறு கையின் விரல்களைக் கறுப்புக் கட்டைகளின் மேல் மெதுவாக நடத்திப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது, கூட்டத்தில் அமராமல், பெட்டிக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் பின்னால் உட்கார்ந்து விடியும் வரை அவர் விரல்களைப் பாருங்கள். அங்கே கேட்ட ஒரு தருவின் (கூத்துப் பாட்டின்) முதல் அடியை உங்கள் பெட்டியில் தேடி எடுக்க ஒரு வாரம் ஆகலாம், ஆகட்டும். இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டியைத் துடைக்கும்போது எந்தக் கட்டை மற்றவற்றை விடத் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் தாத்தா சட்ஜம் வைத்த இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.