பழைய மாருதி 800: ஸ்டியரிங் ஆட்டத்துக்கு ரேக்கையே மாற்ற வேண்டுமா?

ஸ்டியரிங்கில் ஆட்டம், பள்ளத்தில் இறங்கினால் 'டக் டக்' சத்தம், மெக்கானிக் ரேக்கையே (ஸ்டியரிங் திருப்பும்போது இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் வெட்டிய தண்டு) மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது பவர் இல்லாத சாதாரண ரேக் அண்ட் பினியன். இந்தச் சத்தத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது டை ராட் எண்டைத்தான், அதாவது ரேக்கிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டை.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்டு; அது நன்றாக இருந்தும் ஆடினால் ரேக்கின் உள்பக்க மூட்டு. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) பார்க்க வேண்டும்.

ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் பூட் (உறை) கிழிந்திருக்கிறதா? அது சின்னச் செலவுதான். விட்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ரேக்கைத் தின்றுவிடும். சிலர் ஆட்டத்தை மறைக்க ரேக்கின் அட்ஜஸ்டிங் ஸ்குருவை இறுக்கிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அளவு மீறினால் ஸ்டியரிங் கனக்கும், திருப்பத்துக்கு அப்புறம் தானாக நேராகாது.

எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே அளவு ஏற்றச் சொல்லுங்கள். அப்படியும் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.