கண்மாய்க் கரை வழியே கடலுக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். மகள் பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது கனால் து மிதி என்ற பழைய கால்வாயின் கரையில் வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டினோம். காரும் இல்லை, லாரியும் இல்லை. இருபுறமும் மரங்கள், நடுவில் தண்ணீர், இடையிடையே பழைய ஊர்கள். எங்களை விட வயதானவர்கள்கூட முதுகில் பையோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் அந்த ஆசை விடவில்லை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகலாம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினோம். உப்பூர் வரைதான் முடிந்தது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்த வேகத்தில் மனைவி சாலையை விட்டு மண்ணில் இறங்கிவிட்டார். அவர் புதுக்கோட்டைக்காரர், அறிவொளி இயக்கக் காலத்தில் சைக்கிள் பழகியவர், எளிதில் பயப்படுகிறவர் அல்ல.

சேதுபதிகள் ஆண்ட சீமை, ராமேஸ்வர யாத்திரை போன பாதை என்று இவ்வளவு வரலாறு உள்ள நம் கடற்கரையில், தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரமாகவே சைக்கிளுக்கென்று ஒரு தனித்தடம் அரசு போட்டால் என்ன? நீங்கள் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். அது வரும்வரை எங்களைப் போன்றவர்கள் எங்கே ஓட்டுவது?

எஸ்., பரமக்குடி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்கும் தடம் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கண்மாய்க் கரைகளைச் சொல்கிறேன்.

நீங்கள் ஓட்டிய கால்வாய்க் கரையையே எடுத்துக்கொள்வோம். பியர் பால் ரிக்கே என்பவர் முன்னின்று வெட்டி, 1681இல் திறக்கப்பட்ட கால்வாய் அது. துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர். படகைக் கயிற்றில் கட்டிக் குதிரைகள் இழுத்துப் போவதற்காகக் கரையில் வழி விட்டார்கள். படகுக்கு எஞ்சின் வந்தபின் குதிரைக்கு வேலையில்லை, வழி மட்டும் மிஞ்சியது. அதில்தான் நீங்கள் இருவரும் போனீர்கள். சைக்கிளுக்காக யாரும் அங்கே நிலம் எடுக்கவில்லை. தண்ணீரின் மட்டத்தை ஒட்டிப் போகிற வழி என்பதால் ஏற்றம் இறக்கம் குறைவு, ஊர்களையும் தொட்டுக்கொண்டு போகிறது.

நம் ஊரில் தண்ணீர் போட்டுவைத்த வழி எது என்று பாருங்கள். வைகை வழிநெடுகக் கண்மாய்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சியதைத்தான் ஆற்றங்கரை பக்கம் கடலில் விடுகிறது. ஒரு கண்மாயின் கலுங்கில் வழிந்தது அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. கரையைப் பிடித்துப் போனால் அந்தத் தண்ணீரோடு நாமும் கிழக்கே இறங்கிவிடலாம். ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம் என்று அர்த்தம். ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் தாழ நெல்வயல், மடைக்கு மடை ஒரு சாமி. அந்தக் கரையில் ஒரு காலைப்பொழுது முழுக்க ஓட்டலாம். எதிரே வருவது ஆடு மேய்ப்பவரும் மம்பட்டியோடு மடை திறக்கப் போகிறவரும்தான், எப்போதாவது ஒரு பைக்.

கடலோரமாகத் தனித்தடம் என்ற உங்கள் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். நம்புதாளை, சோழியக்குடி, முள்ளிமுனை, திருப்பாலைக்குடி என்று பாக் நீரிணைக் கரை நெடுகிலும் மீனவ ஊர்கள். அந்தக் கரையில்தான் வள்ளம் ஏற்றுகிறார்கள், வலை பிரித்துக் காயப்போடுகிறார்கள், பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள். வெளியூர்க் கண்ணுக்கு அது காலி மணலாகத் தெரியும். அவர்களுக்கு அது தொழிற்கூடம். அதன் நடுவே பத்தடி அகலத்துக்குச் சிமெண்ட் போட்டு, ஓரமாகக் கம்பி நட்டுவிட்டால், முதலில் இடம் இழப்பது கருவாடு காயவைக்கும் பெண்கள்தான். காரங்காட்டில் அலையாத்திக் காடு. அங்கே நிலமே சேறு, தடம் போட வேண்டுமென்றால் மண்ணைக் கொட்டி ஓதத்தின் போக்கை அடைக்க வேண்டும். உங்களைப் போன்ற நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடு கேட்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கோரிக்கையை விட்டுவிடுங்கள்.

யாத்திரைப் பாதை பற்றி எழுதியிருந்தீர்கள். உப்பூர் விநாயகரை வணங்கித் தொடங்கி, தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை, ராமேஸ்வரம் என்று முறையாகப் போவது பழைய வழக்கம். தஞ்சை மராட்டியர் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்திலிருந்து, பாம்பன் தீவில் இன்று ஊர்ப்பெயர்களாகவே நிற்கும் தங்கச்சிமடம், அக்காள்மடம் வரை, நடந்து வருகிறவருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த இடங்கள் அந்த வழியில் தொடர்ந்து இருந்தன. அந்தப் பாதையின் உப்பூர் தேவிபட்டினம் துண்டு இன்று கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அடியில் இருக்கிறது. உங்கள் மனைவி மண்ணில் இறங்கியது அங்கேதான். சாலையை ஒரேயடியாகத் தவிர்க்க முடியாது. அதைக் குறுக்கே கடப்பதும், சில கிலோமீட்டர் அதிகாலையில் ஓட்டி முடிப்பதும்தான் வழி.

நான் சொல்லும் பயணம் இது. ஆர்.எஸ். மங்கலத்தில் தொடங்குங்கள். கண்மாய்க் கரை முடிந்ததும் ஊர்ச்சாலைகளில் கிழக்கே இறங்கி, உச்சி வெயிலுக்கு முன் தேவிபட்டினம் சேருங்கள். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைப் பார்த்துவிட்டு, சித்தார்கோட்டை, பனைக்குளம் வழியாக அழகன்குளம். வைகையின் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிற ஊர். 1986 முதல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே பல முறை அகழ்ந்திருக்கிறது. ரோமானிய நாணயங்கள் கிடைத்தன, கப்பலின் உருவம் கீறப்பட்ட பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. கோட்டைமேடு என்று கேட்டால் வழி சொல்வார்கள். மேட்டில் நின்று பார்க்கக் கட்டடம் எதுவும் இல்லை, அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். உள்நாட்டுச் சரக்கு ஆற்றங்கரையோடு இறங்கி வந்து கப்பல் ஏறிய இடம் அது. அதே ஆற்றின் தண்ணீரைப் பின்தொடர்ந்து சைக்கிளில் வந்து சேர்கிறவருக்கு அந்த இடம் புரிகிற விதம் வேறு.

ராமநாதபுரத்தில் தங்கி, அடுத்த நாள் தெற்கே. புறப்படுமுன், சேதுபதிகளின் அரண்மனையான ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். சக்கரக்கோட்டைக் கண்மாய் 2025இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மட்டும் சைக்கிளை நிறுத்திவிட்டு, வனத்துறைக் காவலரிடம் கேட்டுக்கொண்டு நடந்து போங்கள், நீங்கள் போகும் தை மாசி பறவை கூட்டில் இருக்கும் காலம். திருப்புல்லாணி ராமநாதபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர்தான். ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் கோலத்தைச் சேவித்துவிட்டுச் சேதுக்கரை வரை ஓட்டலாம். அங்கிருந்து கீழக்கரை. சீதக்காதி வள்ளலின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால், திருப்புல்லாணியில் பார்த்த அதே சிற்பிகளின் பரம்பரை கண்ணுக்குத் தெரியும். தெம்பு இருந்தால் வடமேற்கே உத்தரகோசமங்கை. தனுஷ்கோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் சுற்றுலா வேன்கள் அதிகம். விடியுமுன் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் போகும்போதாவது சாலை உங்களுடையது.

காற்றை மறந்துவிடாதீர்கள். இது சமதரை, இங்கே ஏற்றம் என்றால் எதிர்க்காற்றுதான். தைப் பொங்கல் முடிந்து மாசி கடைசி வரை வாடை அடிக்கும், வடகிழக்கிலிருந்து. அதனால்தான் வடக்கே தொடங்கித் தெற்கே வரச் சொல்கிறேன். முதுகில் காற்று தள்ளும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் ஆனி ஆடியில் இதே வழியில் வந்தால் சமதரையிலும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். கரையின் களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றாது. மாசியில் இன்னொன்றும் பார்க்கலாம். நெல் அறுப்பு முடிந்து முண்டு மிளகாய் களத்துக்கு வரத் தொடங்கியிருக்கும். களம் போதாத ஊர்களில் சாலையிலேயே பாதியை அடைத்துப் பரப்பியிருப்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய். அதன் மேல் ஏற்றாமல் இறங்கி உருட்டிப் போங்கள். காற்று வாக்கில் நெடி ஏறும், கைக்குட்டை வேண்டும்.

இனி முள். கண்மாய்க் கரைகளை அடைத்திருப்பது சீமைக் கருவேல். அதன் முள் டயரையும் ட்யூபையும் துளைத்து உள்ளேயே ஒடிந்து நிற்கும். ஓட்டையை ஒட்டிவிட்டு ட்யூபை அப்படியே மாட்டினால் அரை கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். ஊர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறவரைக் கவனியுங்கள். ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்தபின், டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் தடவுவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். குறடால் கடுகளவு கறுப்பு நுனி ஒன்றை உருவி எடுத்துக் காட்டுவார். பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது ட்யூபுக்கும் நடுவே போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், பாதி முள் அதிலேயே நின்றுவிடும். விலை உயர்ந்த கியர் சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பயணம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் மாதிரியானது என்றால் அதன் ட்யூபும் பிரேக் கட்டையும் எந்த ஊரிலும் கிடைக்கும். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், கடலை நெருங்க நெருங்கக் கிணறு உப்பு.

கரை நம்முடையது அல்ல, கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்களுடையது. மடையில் ஆள் வேலை செய்தால் இறங்கி நில்லுங்கள். அய்யனார் கோயில் முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள். எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேட்குமுன் சொல்லிவிடுங்கள். வழி உடைந்திருந்தால் அவர்களே தடுத்து வேறு கரையைக் காட்டுவார்கள்.

அரசிடம் கேட்கத்தான் வேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. 2017இலிருந்து குடிமராமத்து என்ற பெயரில் கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. அள்ளிய மண்ணைக் கரையில் குவித்துவிட்டுப் போன இடங்களில் அடுத்த மழைக்கே கருவேல் மூடியது. அந்த மண்ணைச் சமமாக அடித்து, வண்டி போகும் அகலத்துக்கு மட்டம் செய்து, கருவேலை வேரோடு எடுத்து, சரிவில் பனை விதைத்தால் கரையும் நிற்கும், விவசாயியின் டிராக்டரும் போகும், உங்கள் சைக்கிளும் போகும். ஊருணிக் கரைகளில் ஒரு நிழலும் குழாயும் வேண்டும். சத்திரம் இருந்த ஊர்களில் இரவு தங்க ஓர் அறை வேண்டும், இன்று ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, ராமேஸ்வரத்தை விட்டால் விடுதி தேடி அலைய வேண்டியிருக்கிறது. கடலோரத் தடத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு கொஞ்சம், நிலம் எடுப்பு இல்லை, யாருடைய பிழைப்பும் கெடாது.

நீர்வளத் துறையில் உங்களுக்குப் பழக்கம் இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்துங்கள். தை மாதம் போய்வந்தபின், எந்தக் கரையில் எங்கே அடைத்திருக்கிறது, எங்கே கலுங்கு உடைந்திருக்கிறது என்று ஊர் பெயரோடு குறித்து வையுங்கள். மனுவின் வரைவை எனக்கு அனுப்புங்கள், என் கையெழுத்தையும் சேர்த்துத் தருகிறேன். உங்கள் துணைவியாரின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

அன்புடன்.